ஒன்பது நாள் வடிகட்டி

போன மாதம் உங்களில் ஒருவர் எனக்குத் தொலைபேசி எடுத்தார். பெயரைச் சொல்ல மாட்டேன். வீட்டு உலைகள் பூட்டும் நம் வேலையில் சேர்ந்து ஆறு மாதம்கூட ஆகாதவர். ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில், உலைக்கு முன்னால் நின்றபடியே பேசினார்.

"அண்ணை, வீட்டுக்காரருக்குக் காத்து நல்லாச் சுத்தமா வேணுமாம். எந்த பில்டர் போடுறது? இருக்கிறதுக்குள்ள திறமானதைச் சொல்லுங்கோ."

"அந்த வீட்டில எத்தினை யன்னல் திறக்கிறவை?" என்று கேட்டேன்.

கிழவனுக்குக் காது மந்தம் என்று நினைத்திருக்க வேண்டும். தன் கேள்வியை இன்னும் உரத்துக் கேட்டார். நானும் என் கேள்வியை இன்னும் உரத்துக் கேட்டேன். கொஞ்ச நேரம் இரண்டு செவிடர்கள் கதைப்பது போலத்தான் இருந்தது. கடைசியில் அவர், "பிறகு எடுக்கிறன் அண்ணை" என்று வைத்துவிட்டார். பிறகு எடுக்கவில்லை.

அவரில் எனக்குக் கோபமில்லை. அவருடைய வயதில் என்னிடம் யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நானும் வைத்திருப்பேன். எந்த உலைக்கு எந்த அளவு வடிகட்டி என்று உங்கள் கைத்தொலைபேசியே சொல்லிவிடும். காற்றில் எவ்வளவு தூசி என்று ஒரு சின்னக் கருவி எண்ணிலே காட்டிவிடும். அதற்கெல்லாம் நான் தேவையில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நான் ஏன் கேட்டேன் என்பதற்கு ஒரு கதை இருக்கிறது. அதில் நான் நல்ல பிள்ளை இல்லை. தொலைபேசியில் சொல்லக் கூடியதும் இல்லை. அதனால் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன்.

நான் எண்பத்து நான்கில் இந்த நாட்டுக்கு வந்தேன். கிழக்கு பெர்லின் வழியாக வந்து, அகதி விண்ணப்பம் கொடுத்து, மேற்கு ஜெர்மனியில் ஒரு சின்ன நகரத்தில் கொண்டுவந்து விடப்பட்டவன். அன்ட்ராக், அன்ட்ராக் என்று அந்த விண்ணப்பத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டே நாங்கள் நித்திரைக்குப் போய், அதைச் சொல்லிக்கொண்டே எழும்பிய காலம். வேலை செய்ய அனுமதி இல்லாமல் நெடுநாள் சும்மா இருந்தேன். பிறகு, வெப்பமூட்டும் உலைகளும் காற்றோட்டக் குழாய்களும் பூட்டும் ஒருவர் என்னைக் கேட்டார். சொந்தமாகத் தொழில் நடத்தும் தகுதி பெற்றவரை இங்கே மைஸ்டர் என்பார்கள். நாங்கள் அவரை வேறு பெயர் சொல்லி அழைத்ததே இல்லை. எனக்காக வேலை அலுவலகத்தின் படிகளில் மூன்று முறை ஏறி இறங்கினார். நான் அவரிடம் மட்டும் வேலை செய்யலாம் என்று ஒரு தாளில் முத்திரை குத்தித் தந்தார்கள். அந்த வேலை போனால் அந்தத் தாளும் போய்விடும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

மைஸ்டர் என்னைக் கேட்டதற்குக் காரணம் இருந்தது. ஊரில் நான் சீமெந்துத் தொழிற்சாலையில், தூசி பிடிக்கும் பகுதியில் ஐந்து வருடம் இருந்தவன். ஆளைவிட உயரமான துணிப் பைகள் வரிசையாகத் தொங்கும். சீமெந்துத் தூசி அவற்றில் படியும். துணி எவ்வளவு தடிப்போ அவ்வளவு நல்லது என்பது எங்கள் பாடம். அதை இழுக்கும் விசிறியோ ஓர் அறை அளவு. எந்தத் துணியைப் போட்டாலும் இழுத்துத் தள்ளும். அந்தப் பெருமை என் தலையில் நன்றாகவே ஏறியிருந்தது. வடிகட்டி என்று யாராவது வாய் திறந்தால் போதும், நான் தொடங்கிவிடுவேன்.

எங்கள் நகரத்தில் அப்போது ஒரேயொரு தமிழ்க் குடும்பம்தான். மற்றவர்கள் எல்லாம் என்னைப் போலத் தனி ஆட்கள், முகாம் அறைகளில் இருந்தவர்கள். பரமேஸ் அக்கா, அவருடைய கணவர், ஆறு வயது மகள் வதனி. அவர்களுக்கு மட்டும் ஒரு பழைய ஒற்றை மாடி வீட்டைக் கொடுத்திருந்தார்கள். கணவர் விடிய முன்னமே பேருந்து பிடித்து ஓர் உணவகத்தில் பாத்திரம் கழுவப் போய்விடுவார்.

அக்கா எங்களுக்குச் செய்த உதவி ஒன்று உண்டு: தூள். மிளகாயும் மல்லியும் வறுத்து இடித்த யாழ்ப்பாணத்துக் கறித்தூள் இல்லாமல் எங்களுக்குச் சோறு இறங்காது. முகாமில் வறுக்க ஏலாது. துருக்கிக்காரர் கடையில் காய்ந்த மிளகாயும் மல்லியும் வாங்கி, பை பையாகக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுப்போம். அவர் சனிக்கிழமைகளில் வறுத்து, கோப்பிக்கொட்டை அரைக்கும் சின்ன இயந்திரத்தில் அரைத்து, போத்தல்களில் நிரப்பித் தருவார். பதினொரு பேருக்குத் தூள் அந்த ஒரு வீட்டிலிருந்துதான் போனது. என் அறை யன்னலோரமும் ஒரு போத்தல் இருந்தது.

அந்த வீட்டில் சுவரோரம் சுடுநீர் ஓடும் தகடுகள் இல்லை. நிலக்கீழ் அறையில் எண்ணெயில் எரியும் உலை ஒன்று இருந்தது. அது காற்றைச் சூடாக்கும். விசிறி அந்தக் காற்றைத் தகரக் குழாய்களால் எல்லா அறைகளுக்கும் தள்ளும். ஆறிய காற்று கூடத்துச் சுவரில் உள்ள பெரிய வாயால் திரும்பி உலைக்குப் போகும். போகிற வழியில் ஒரு வடிகட்டி. இப்போது உங்களுக்குப் பழக்கமான புதுவிதமான உலைகளும் அடிப்படையில் இதே வேலையைத்தான் செய்கின்றன.

எண்பத்தாறின் குளிர்காலத்தில் ஒரு நாள் பராமரிப்பு வேலைக்காக நான் தனியே அந்த வீட்டுக்குப் போனேன். நிறுவனத்தின் நீல உடுப்பு, தோளில் கருவிப்பை. உண்மையைச் சொன்னால், அந்த உடுப்போடு ஒரு தமிழ் வீட்டுக்குள் நுழைவது எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. அக்கா வாசலிலேயே சொன்னார்:

"தம்பி, பிள்ளைக்கு இழுக்குது. மாரி தொடங்கினதிலயிருந்து இரவில நித்திரை இல்லை. தூசி ஆகாது எண்டு டாக்குத்தர் சொல்லிப்போட்டார். உங்கட அந்த மிசினுக்க ஏதோ பில்டர் இருக்காமே, அதில நல்லதா ஒண்டைப் போட்டுத் தாங்கோவன்."

வதனி கட்டிலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். மூச்சு விடும்போது மெல்லிய விசில் சத்தம் வந்தது. என்னைப் பார்த்து, "மாமா, நீங்களோ ஹைசுங் மாமா?" என்றாள். இங்கே வெப்பமூட்டிக்கு அதுதான் சொல். ஓம் என்றேன்.

நிலக்கீழ் அறைக்குப் போகும் படி சமையலறைக்கு அருகில் இருந்தது. சமையலறைக் கதவில், தட்டச்சில் அடித்த ஒரு தாளை யாரோ ஒட்டியிருந்தார்கள். பார்த்தேன். வாசிக்கவில்லை. அப்போது எனக்கு ஜெர்மன் வாசிக்கத் தெரியும். நான் உலை பார்க்க வந்தவன். கதவில் எனக்கு என்ன வேலை?

உலையில் இருந்தது சாதாரண மெல்லிய வடிகட்டிப் பாய். கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது. இதிலே தூசி எங்கே நிற்கப் போகிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த நாள், சனிக்கிழமை விடியக்காலையில், பட்டறையில் மிஞ்சிக் கிடந்த ஒரு துண்டை எடுத்துவந்தேன். வண்ணம் தெளிக்கும் கூடத்துக்கென்று வந்த தடித்த, நெருக்கமான பாய். மைஸ்டரிடம் கேட்கவில்லை. அளவெடுத்து வெட்டி, சட்டத்தில் இறுக்கிப் பூட்டினேன். அக்காவைக் கீழே கூட்டிப்போய்க் காட்டி, "இனி ஒரு தூசியும் வராது, பயப்பிடாதையுங்கோ" என்றேன். உலை நின்றுபோனால் அமுக்குவதற்குச் சிவப்புப் பொத்தானையும் காட்டிவைத்தேன். அக்கா எனக்குத் தேத்தண்ணி தந்தார். அந்தத் தேத்தண்ணியை நான் எவ்வளவு கம்பீரமாகக் குடித்தேன் என்று இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

பூட்டி ஒன்பது நாள் கழித்து, திங்கட்கிழமை காலை. மைஸ்டர் பக்கத்து நகரத்தில் வேலையில் இருந்தார். அலுவலகத்தில் தொலைபேசி எடுக்கும் பெண் என்னிடம், "உங்கள் நாட்டுக்காரர் உணவகத்திலிருந்து தொலைபேசி எடுத்தார், வீடு குளிர்ந்துவிட்டதாம், உலை எரியவில்லையாம்" என்றாள். எனக்கு வாகன அனுமதிப்பத்திரம் இல்லை. கொட்டும் பனியில் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன்.

வீட்டுக்குள் மூச்சுவிட்டால் புகை தெரிந்தது. வதனி கட்டிலில் முன்னால் சரிந்து, இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு இருந்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் தோள் மேலே ஏறி இறங்கியது. உதடு நல்ல நிறத்தில் இல்லை. என்னைப் பார்த்தாள், மாமா என்று சொல்லவில்லை.

"சிவப்புப் பொத்தானை ஏழெட்டுத் தரம் அமுக்கிப்போட்டன் தம்பி. கொஞ்சம் எரியுது, நிக்குது. பிள்ளைக்கு விடியத்தொட்டு ஏலாமல் கிடக்குது" என்றார் அக்கா.

இந்த இடத்தில் நான் என்ன செய்திருக்க வேண்டும் என்பது உங்களில் யாருக்கும் சந்தேகம் இருக்காது. எனக்கும் அன்றைக்குச் சந்தேகம் இருக்கவில்லை. ஆனால் நான் கீழே போனேன்.

காற்று சூடானால் பிள்ளைக்குச் சுகமாகிவிடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். உலை ஏன் நின்றது என்று படியில் இறங்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. என் தடித்த பாயில் காற்று அடைபட்டு, உலை தன் சூட்டை வெளியே தள்ள முடியாமல் பொங்கி, பாதுகாப்புக்கு இருக்கும் துண்டிப்பான் அதை நிறுத்தியிருக்கிறது. அந்த வீட்டு விசிறி ஒரு சின்ன விசிறி. என் ஊர்த் தொழிற்சாலை விசிறி இல்லை. மைஸ்டர் வந்து பார்ப்பதற்கு முன் அந்தப் பாயை வெளியே எடுத்துவிட வேண்டும். அதுதான் என் தலையில் இருந்த ஒரே நினைப்பு. வேலை போனால் தாள் போய்விடும், தாள் போனால் நான் போய்விடுவேன். திருகாணிகளைக் கழற்றினேன். அவசரத்தில் இரண்டு, மூன்று தகரத்தில் விழுந்து உருண்டன. பாயைச் சுருட்டிக் கருவிப்பையின் அடியில் திணித்தேன். பழைய மெல்லிய பாயைத் தேடிப் பூட்டினேன். துண்டிப்பான் ஆறும்வரை காத்திருந்து பொத்தானை அமுக்கினேன். உலை எரிந்தது. எல்லாமாகப் பத்து நிமிடம்.

மேலே வந்தபோது வதனியின் கண்கள் பாதி மூடியிருந்தன. விசில் சத்தம்கூட இல்லை. சத்தம் நின்றது நல்லதுக்கு இல்லை என்று எனக்கு எப்படியோ விளங்கியது. பக்கத்து வீட்டில் இருந்த வீட்டுச் சொந்தக்காரரின் கதவை உதைக்காத குறையாகத் தட்டி, அவருடைய தொலைபேசியில் அவசர வண்டியை அழைத்தேன். வண்டி வந்தது. பிள்ளையின் முகத்தில் பிராணவாயு மூடியை வைத்தார்கள்.

அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, கிராங்கன்ஷைன் இல்லை. ஏத்துவினமோ?"

மருத்துவரிடம் போவதற்கு எங்களைப் போன்றவர்கள் சமூக உதவி அலுவலகத்தில் முதலே வாங்கவேண்டிய தாள் அது. "ஏத்துவினம் அக்கா, ஏறுங்கோ" என்றேன். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஏற்றினார்கள்.

மருத்துவமனையில் நான்தான் மொழிபெயர்த்தேன். ஊசி போட்டு, மருந்தை ஆவியாகக் கொடுத்து, ஒரு மணி நேரத்தில் அவளுக்கு மூச்சு வந்தது. மருத்துவர் இளம் பெண். "வீட்டில் யார் புகைபிடிப்பது?" என்று கேட்டார். ஒருவரும் இல்லை என்றோம். அவர் நம்பாதவர் போல எழுதிக்கொண்டார். பிறகு பேனையை வைத்துவிட்டு, "இந்த நிலைக்கு வரும்வரை ஏன் பிந்தினீர்கள் என்று தாயிடம் கேளுங்கள்" என்றார்.

கேட்டேன். என் வாயால்தான் கேட்டேன்.

அக்கா தலையைக் குனிந்தார். "நான்தான் பயந்துபோனன் எண்டு சொல்லுங்கோ தம்பி. தாள் இல்லாமல் கூப்பிட்டால் பிழையாகிப்போகும் எண்டு இருந்திட்டன்."

அதை ஜெர்மனில் சொன்னேன். பத்து நிமிடம் என்னுடையது என்று சொல்லவில்லை. இத்தனை வருடத்தில் நான் எத்தனையோ பிழை விட்டிருக்கிறேன்; தண்ணீர் பெருக விட்டிருக்கிறேன், கூரையால் விழுந்திருக்கிறேன். அந்த ஒரு மொழிபெயர்ப்பைப் போல எதற்கும் நான் வெட்கப்பட்டதில்லை.

அடுத்த நாள் காலை மைஸ்டரின் மேசையில் பையைக் கவிழ்த்துப் பாயை விரித்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். பத்து நிமிடத்தையும் சொன்னேன். வேலை போய்விட்டது என்றே முடிவு செய்திருந்தேன்.

அவர் எழுந்துபோய் அலுவலகக் கதவைச் சாத்தினார். பிறகு சொன்னார்: "இனி எந்த வீட்டிலும் மூச்சு முட்டும் ஓர் ஆளைக் கண்டால் முதலில் தொலைபேசி. உலை எரிந்து சாம்பலானாலும் பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்வேன். விளங்கியதா?"

விளங்கியது என்றேன்.

"இதைப் பூட்டி எத்தனை நாள்?"

"ஒன்பது."

அவர் பாயைக் கிட்டப் பார்த்தார். வீட்டுத் தூசி என்றால் சாம்பல் நிறமாக, பஞ்சு போல இருக்கும். இந்த அளவு படிய மாதக்கணக்காகும். இது மண்ணிறமாக, கையில் ஒட்டுகிற பிசுபிசுப்போடு இருந்தது. இடையிடையே சிவப்பு. அவர் மூக்கருகில் கொண்டுபோய் மோந்து பார்த்தார். அடுத்த கணம் தும்மத் தொடங்கினார். நாலு, ஐந்து, ஆறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த வீட்டுக்குள் என்ன தொழிற்சாலை நடத்துகிறார்கள்?" என்றார்.

நான் வாங்கி மோந்தேன்.

மிளகாய். மல்லி. கொஞ்சம் கருகிய பெருஞ்சீரகம். அது எந்தத் தூளாகவும் இருக்கலாம் என்று நான் தப்ப முடியாது. முதல் நாள் இரவு என் கோழிக்கறியில் போட்ட அதே தூளின் மணம். ஒன்பது நாளில் இரண்டு சனிக்கிழமை. பதினொரு பேரின் தூள். அந்தப் பிள்ளையின் நெஞ்சை அடைத்த புகையில் ஒரு பங்கு என் யன்னலோரத்துப் போத்தலில் இருந்தது. வீட்டில் யாரும் புகைபிடிப்பதில்லை என்று மருத்துவரிடம் சொன்னதும் உண்மைதான்.

மைஸ்டருக்கு அது தெரிய நியாயமில்லை. அவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்த மணத்துக்குப் பெயர் சொல்லியிருக்க மாட்டார். அந்த நகரத்தில் உலையும் தெரிந்து தூளும் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அந்த நான்தான் நீல உடுப்பைப் போட்டவுடன் தூளை மறந்துவிட்டு, தூசியைப் பற்றிப் பிரசங்கம் செய்துவிட்டு வந்தவன்.

அன்று பின்னேரம் சாதாரண உடுப்பில் போனேன். வதனி இன்னும் மருத்துவமனையில். தகப்பன் அவளோடு இருந்தார். அக்கா உடுப்பு எடுத்துப்போக வீட்டுக்கு வந்திருந்தார்.

"அக்கா, தூள் வறுக்கேக்க யன்னலைத் திறக்கிறனீங்களோ?"

அவர் திடுக்கிட்டார். "ஐயோ, இல்லைத் தம்பி. ஒரு பொட்டும் வெளியில போக விடமாட்டன். எல்லா யன்னலும் பூட்டி, கதவுக்குக் கீழ ஈரச்சேலை வைச்சு அடைச்சுப்போட்டுத்தான் அடுப்பை மூட்டுறனான்."

"ஏன்?"

"முன்னம் இருந்த முகாமில மணக்குது எண்டு முறைப்பாடு வந்தது. பொறுப்பாளர் வந்து எழுதிக்கொண்டு போனவர். அது அன்ட்ராக்கோட சேர்ந்து போயிருக்குமோ எண்டு அண்டைக்குத் தொட்டு எனக்கு நடுக்கம். இஞ்ச வந்து முதல்தரம் வறுத்த அடுத்த நாளே வீட்டுச் சொந்தக்காரர் வந்து அந்தத் தாளை ஒட்டிப்போட்டார். மூக்கைக் காட்டி, கையைக் காட்டிக் கதைச்சவர். எனக்கு விளங்காமல் இல்லை. வீட்டை விட்டு எழுப்பினால் பிள்ளையோட எங்க போறது?"

"ஆரிட்டயாவது குடுத்து வாசிச்சனீங்களோ?"

"என்னெண்டு குடுக்கிறது? எனக்கு வெக்கமாக் கிடந்தது. நீங்கள் எல்லாரும் அறிஞ்சால் தூளும் கொண்டு வரமாட்டியள். இந்த ஊரில உங்களுக்கு ஆர் இருக்கினம், நான் வறுக்காட்டில்?"

கதவுக்கு முன்னால் போய் நின்றேன். உலை பார்க்க முதன்முதல் வந்த அன்று பார்த்தும் வாசிக்காமல் கடந்துபோன அதே தாள். நாலே நாலு வரி. சமைக்கும்போது தயவுசெய்து யன்னல்களை அகலத் திறந்து வைக்கவும். காலையும் மாலையும் வீடு முழுவதும் காற்று மாற்றவும். புகையும் ஈரமும் உள்ளே நின்றால் சுவரில் பூஞ்சணம் பிடிக்கும். நன்றி.

இதைத் தமிழில் சொன்னேன். அக்கா நம்பவில்லை. இன்னொருமுறை, ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்துச் சொன்னேன். அவர் நாற்காலியில் இருந்துவிட்டார். அழவில்லை. "அப்ப நான்தானே என்ர பிள்ளைக்கு..." என்று தொடங்கி நிறுத்தினார்.

அதற்கு மேல் என்னால் ஒளித்து வைத்திருக்க முடியவில்லை. "அக்கா, நேற்று நான் முதல் போன் எடுக்கப் போயிருக்க வேணும். பத்து நிமிசம் கீழ நிண்டனான். பிழையா நான் போட்ட பில்டரைக் கழட்டி ஒளிக்கத்தான் நிண்டனான். டாக்குத்தரிட்ட நீங்கள் பழியை எடுக்கேக்கயும் வாய் திறக்கேல்லை."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"தெரியும் தம்பி. இந்தக் குழாய்க்குள்ளால கீழ நடக்கிறது எல்லாம் மேல கேக்கும். நீங்கள் ஆணியை விழுத்தி விழுத்திக் கழட்டின சத்தம் கேட்டுக்கொண்டுதான் பிள்ளையைப் பிடிச்சுக்கொண்டு இருந்தனான்."

"அப்ப ஏன் டாக்குத்தரிட்ட சொல்லேல்லை?"

"உங்களுக்கும் வேலை போனால் எங்க போவியள்?"

நான் போய்க் கூடத்து யன்னலைத் திறந்தேன். மாரி முழுக்கத் திறக்காத கொளுக்கி, இறுகிப்போயிருந்தது.

இனி, வடிகட்டி. கேள்வி கேட்ட தம்பிக்காக இதையும் சொல்லிவிடுகிறேன். அந்த வாரம் மைஸ்டரும் நானும் சேர்ந்து போனோம். விசிறியால் எவ்வளவு இழுக்க முடியும் என்று முதலில் பார்த்தோம்; வடிகட்டியைப் பிறகுதான் தெரிவு செய்தோம். மிக நெருக்கமானதை விட்டுவிட்டு, நடுத்தரமான பாயை மடிப்பு மடிப்பாகச் செய்த ஒன்றை எடுத்தோம். மடித்தால் அதே சட்டத்துக்குள் பரப்புக் கூடும். காற்று நெரிபடாமல் போகும், தூசியும் நிற்கும். சட்டத்தைச் சுற்றிக் கம்பளித் துணி ஒட்டினோம். அந்த ஓர இடைவெளியால் காற்று நழுவினால் நீங்கள் எதைப் போட்டும் பயனில்லை. முதல் மாரியில் மாதமொருமுறை மாற்றினோம். இவ்வளவுதான். இவ்வளவையும் எந்தப் பட்டியலும் சொல்லிவிடும். ஆனால் மிளகாய்ப் புகையின் காரத்தை அந்த மடிப்பு வடிகட்டியும் நிறுத்தியிருக்காது. அந்த உலை அதை எடுத்து, சூடாக்கி, குழாயால் நேரே பிள்ளையின் கட்டிலடியில் கொண்டுபோய் விட்டிருக்கும். நல்ல வடிகட்டி, நல்ல விசிறி, ஒழுங்கான பராமரிப்பு, எல்லாம் இருந்தும் அவள் மூச்சு முட்டியிருப்பாள்.

அதனால்தான் தம்பி, யன்னலைக் கேட்டேன். யன்னல் மூடியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். குளிருக்கா, கள்வருக்கா, அயலவருக்கா என்று கேளுங்கள். அடுப்பில் என்ன வறுபடுகிறது, சாமியறையில் என்ன புகைகிறது என்று கேளுங்கள். நீங்கள் அந்த வீட்டு ஆட்களின் மொழி தெரிந்தவர் என்றால் இரண்டு மடங்கு கேளுங்கள். அந்த மொழி தெரியாமல் உங்களோடு வேலைக்கு வருபவர்களுக்கு இந்தக் கேள்வி வாயில் வராது. ஒரு வீட்டுக் கதவில் தாள் ஒட்டியிருந்தால், உங்களுக்குச் சம்பந்தமில்லை என்று தோன்றினாலும், நின்று வாசியுங்கள்.

வதனி நாலு நாளில் வீட்டுக்கு வந்தாள். இழுப்பு முற்றாகப் போய்விடவில்லை. அப்படிப் போகிற வருத்தமும் அது இல்லை. ஆனால் அந்த மாரியில் மறுபடி வண்டி வரவில்லை.

தூளும் நிற்கவில்லை. நிறுத்துங்கோ என்று நாங்கள் சொல்லிப் பார்த்தோம், அக்கா கேட்கவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை, பட்டப்பகலில், வீட்டின் பின்வளவில் பனியை வழித்து ஒதுக்கிவிட்டு ஒரு மேசை போட்டோம். கூடத்திலிருந்து மின்வயரை இழுத்து, அதில் மின்னடுப்பை வைத்தோம். அக்கா சேலைக்கு மேல் கணவரின் பெரிய கோட், தலையில் கம்பளித் தொப்பி, கையில் அகப்பை. தூள் தின்ற பதினொரு பேரில் ஏழு பேர் வந்து, முறை வைத்துக் கிண்டினோம். எங்களுக்குள்ளேயே ஒருவர் மாறி ஒருவர் இருமினோம், தும்மினோம், சிரித்தோம். வீட்டுச் சொந்தக்காரர் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து பார்த்தார். அக்காவின் கை ஒரு கணம் நின்றது. அவர் பெரிதாக ஒரு தும்மல் தும்மிவிட்டு, கையை அசைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

வதனி கூடத்து யன்னலுக்கு உள்ளே கதிரையில் ஏறி நின்றாள். தானும் வெளியே வர வேண்டும் என்று கண்ணாடியைத் தட்டினாள். கொளுக்கியில் கை வைத்தாள்.

"திறவாதை! பூட்டு, பூட்டு!" என்று அக்கா அகப்பையை ஆட்டிக் கத்தினார்.

அன்றைக்கும் அந்த யன்னல் மூடித்தான் இருந்தது. ஆனால் புகை எங்கள் பக்கம், பிள்ளை மற்றப் பக்கம்.

அவள் கோபத்தில் முகத்தைக் கண்ணாடியோடு ஒட்டி வைத்து மூச்சு விட்டாள். கண்ணாடியில் வெள்ளையாக ஒரு வட்டம் படிந்தது. அது அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அதில் விரலால் ஏதோ கீறினாள், உள்ளங்கையால் அழித்தாள். இன்னும் கிட்டப் போய், நெஞ்சு நிறைய மூச்சை எடுத்து, மறுபடியும் ஊதினாள். என்னைக் கிண்டச் சொல்லி அகப்பையை நீட்டினார்கள். நான் வாங்கவில்லை. அவள் எத்தனை தரம் ஊதுகிறாள் என்று எண்ணிக்கொண்டு நின்றேன்.